எட்டேகால் மணி அழைப்பு

நான் நல்ல ஆசிரியர். இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் இன்றும் வளைவில் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என் வகுப்புக்கு வந்தது நீதிமன்ற உத்தரவால். ஃபோனில் பேசிக்கொண்டே ஓட்டி, சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றவர். ஆறு மாதம் உரிமம் ரத்து, பத்து வகுப்பு. அவ்வளவுதான் தண்டனை. இறந்தவள் என் மனைவி என்று அவருக்குத் தெரியாது. வழக்கு நடந்தபோது நான் அந்தப் பக்கமே போகவில்லை. வகுப்பிலும் சொல்லவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து விநாடி ஃபோனைப் பார்த்தால், எண்பது மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். கடைசி நாள் என் கையைப் பிடித்து, "இனிமே வண்டியில ஃபோனைத் தொடமாட்டேன் சார். என் பொண்ணு மேல சத்தியம்," என்றார்.

சத்தியத்தைச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை என்று நினைத்தேன்.

உரிமம் திரும்பக் கிடைத்ததும், தினமும் காலை எட்டேகாலுக்கு மகளோடு பாலத்தைக் கடப்பார். பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. எதிர்க் கட்டடத்து மாடியில் நின்றால் கார் திரும்புவது நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் அழைப்பேன். மூன்று வாரம் அவர் எடுக்கவேயில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே ஃபோனைப் பின் சீட்டில் போட்டிருந்தார்.

பதினாறாவது தடவை மகள் எடுத்தாள்.

"அப்பா வண்டி ஓட்டுறாங்க. அப்புறம் பேசுறீங்களா?"

மரியாதை தெரிந்த குழந்தை.

"ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேம்மா. உங்க அம்மாவுக்கு ரொம்ப அடிபட்டிருக்கு. ஃபோனை அப்பாகிட்ட குடு," என்றேன்.

அவள் அழத் தொடங்கியது கேட்டது. அவர் பின்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். சாலை வளைந்தது. கார் நேராகப் போயிற்று.

அவர் மட்டும் பிழைத்துக்கொண்டார் என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். நல்லது. அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒருவர் இல்லாமல் போன வீட்டுக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்பதை வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

குழந்தை காரில் இருப்பது முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். பள்ளி விடுமுறை நாட்களில் நான் அழைத்ததே இல்லை.