உமி அறை

ஐஸ் உருகாமல் இருக்க நெல் உமியைப் போன்ற பொருள் வேறு இல்லை. மரத்தூளும் வைக்கோலும் அதற்கு அடுத்தபடிதான். உமி இருக்கும் இடத்தில் எலி சேரும் என்று ஒரு குறை சொல்வார்கள். வீட்டுக் குதிரில் சேரும். ஐஸ் அறையில் சேராது. குளிர் அதற்கு ஆகாது. கட்டிய நாளிலிருந்து அந்த அறையின் சாவியும் பொறுப்பும் என்னிடம்தான். ஒரு எலிப்புழுக்கைகூடக் கண்டதில்லை.

ஐயா, நீங்கள் அறையைப் பற்றி முதலில் கேட்டதால் என் வாக்குமூலத்தில் இதை முதலில் சொல்கிறேன்.

என் பெயர் அர்த்தனாரி. ஊர் காளப்பநாயக்கன்பட்டி. சுற்றுவட்டார நிலத்துக்கெல்லாம் வரி வாங்கும் மிட்டாதார் வீட்டில் மேஸ்திரி. கொல்லிமலைமேல் அவர்களுக்கு ஒரு பங்களாவும் காப்பித் தோட்டமும் இருக்கின்றன. ஐஸ் கொட்டகையை அங்கே கட்டியது மிட்டாதாரின் மகன். நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். சீமையில் படித்தவர். அங்கே குளிர்காலத்தில் அடியில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஐஸ்மேல் வழுக்கி விளையாடுவார்களாம். இங்கே வந்த பிறகும் அவருக்கு அந்த நினைப்பு போகவில்லை.

ஏற்காட்டில் துரைமார்களுக்கு கிளப் இருக்கிறது. ஒரு முறை சின்னவர் அங்கே போனார். உள்ளே விட்டார்கள். ஆனால் பின்வாசல் வழியாக. அன்று திரும்பி வரும்போது வண்டியில் என்னிடம் சொன்னார்: "அர்த்தனாரி, நான் ஒண்ணு கட்டப்போறேன். அதுல முன்வாசல் மட்டுந்தான் இருக்கும். யார் வேணும்னாலும் வரலாம். மலைக்காரங்களுக்கும் வாரத்துல ஒரு நாள்."

நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். நான் செய்ததை நீங்கள் இந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும்.

வேலை எளிதல்ல. மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. எஞ்சினைக் கழற்றித் துண்டு துண்டாக மூங்கிலில் கட்டி அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தூக்கிவந்தார்கள். கொட்டகைக்கு இரட்டைச் சுவர், நடுவே உமி. தரையில் மணல், மணலுக்குள் இரும்புக் குழாய்கள். எஞ்சின் ஓடினால் குழாய் குளிரும். மேலே ஊற்றும் தண்ணீர் உறையும். பெண்கள் ஓடையிலிருந்து குடத்தில் கொண்டுவந்து மெல்ல மெல்ல ஊற்றினார்கள். ஆண்கள் அடிவாரத்திலிருந்து எண்ணெய் டின்களைச் சுமந்தார்கள். எண்ணெய் நின்றால் எஞ்சின் நிற்கும். எஞ்சின் நின்றால் ஐஸ் ஓடையைத் தேடிப் போய்விடும்.

எண்ணெய் கொடுத்தவர் காரவள்ளியில் கடை வைத்திருக்கும் சேக் மைதீன். டின்களை எடுக்க ஆள் அனுப்பும்போதெல்லாம் ஏதாவது சொல்லி அனுப்புவார். நான் நேரில் போனபோதும் விடவில்லை.

"மலை உச்சியில ஐஸு. அடிவாரத்துல என் சர்பத்துக்கு ஒரு துண்டு இல்ல. அடுத்து சமுத்திரத்தையும் மேல தூக்கிட்டுப் போவீங்களா மேஸ்திரி?"

"திறப்பு விழாவுக்கு வாங்க பாய். ஒரு கட்டி தர்றேன்."

"தருவீங்க. கீழ கொண்டுவந்து சேக்கறதுக்குள்ள எனக்கு வேட்டிதான் நனையும்."

சுமை தூக்கியவர்களும் தண்ணீர் ஊற்றியவர்களும் மேல்பாறை என்ற ஊர்க்காரர்கள். நல்லவர்கள். சொன்னால் செய்வார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களை அசைக்க முடியாது. ஊரில் சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை ஒருவரும் சுமை தூக்கமாட்டார்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவு. ஆகவே ஒருவர் செத்தால் அத்தனை பேருக்கும் தீட்டு.

தை மாதம் அங்கே ஒரு குழந்தை இறந்தது. டின்கள் பாதிவழியிலேயே நின்றன. எஞ்சின் நின்றது. அதுவரை போட்ட ஐஸ் உருகி அந்த ஒரே முன்வாசல் வழியாக ஓடியது. சின்னவர் என்னைத் திட்டவில்லை. அவர் யாரையும் திட்டமாட்டார்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா சேலத்துல இருந்து வேற மேஸ்திரிய வரச் சொல்லிருவேன்" என்றார். அவ்வளவுதான்.

மறுபடி ஆரம்பித்தோம். லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டும் வாரத்தில், சனிக்கிழமையன்று திறப்பு விழா என்று முடிவாயிற்று. ஏற்காட்டுத் துரைமார்கள் வர ஒப்புக்கொண்டார்கள். மற்ற மிட்டாதார்களும் வருவார்கள். அந்த நாளைத் தள்ளிப்போட வழி இல்லை. விழா முடிந்ததும் கொட்டகைக்கு நான்தான் மேனேஜர் என்று சின்னவர் சொல்லியிருந்தார். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பெருமாயி தண்ணீர் ஊற்றும் பெண்களில் ஒருத்தி. சுமைக்காரர்களுக்குத் தலைவனான செல்லமுத்துவின் மனைவி. வாய் கொஞ்சம் அதிகம். முதன்முதலில் ஐஸைத் தொட்டுப் பார்த்து, "சுடுதுங்க சாமி" என்று கையை உதறியவள் அவள்தான். மலையில் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைக் கேட்டாள்:

"ஏனுங்க மேஸ்திரி, இதும்மேல வழுக்கி வெளையாடவா அத்தன தொலவிருந்து வாராங்க?"

"ஆமாம்."

"அவிங்க ஊட்டுல வேலவெட்டி ஒண்ணும் இல்லீங்களா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை.

புதன்கிழமை காலை. மற்றவர்கள் ஓடைக்குப் போயிருந்தார்கள். அவள் மட்டும் பலகைமேல் நின்று கடைசிக் குடத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் இருந்தேன். பலகை நகர்ந்தது. பின்பக்கமாக விழுந்தாள். தலை ஐஸ் தரையின் ஓரக் கல்லில் பட்டது. சத்தம் பெரிதாக இல்லை. குடம் உடைந்த சத்தம்தான் பெரிது.

போய்ப் பார்த்தேன். ரத்தம் வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. இறந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். மூக்கருகே கை வைத்துப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். வைக்கவில்லை. அந்தக் குளிரில் என் கை மரத்திருந்தது. வைத்திருந்தாலும் தெரிந்திருக்காது.

உயிர் இருந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கீழே சேந்தமங்கலத்தில். டோலி கட்டித் தூக்கிப் போக வேண்டும். தூக்கச் சிலர், மாற்றிக்கொள்ளச் சிலர், அழுதுகொண்டு கூடவே மற்ற அத்தனை பேரும். அவள் பிழைத்தாலும் செத்தாலும் எண்ணெய் நின்றிருக்கும். இரண்டுக்கும் எனக்கு ஒரே விடைதான் வந்தது.

சாவை நான் உண்டாக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் தவணை கேட்டேன். சனிக்கிழமை வரை.

கொட்டகையை ஒட்டித்தான் உமி அறை. விருந்தில் பானங்களுக்குப் போட ஐஸ் கட்டிகளை உமியில் புதைத்து அங்கே வைத்திருந்தோம். அவளைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே கிடத்தினேன். கனமே இல்லை. மேலே உமியைத் தள்ளி, ஒரு கோணிச் சாக்கையும் போர்த்தினேன். செத்தவளுக்கு எதற்குச் சாக்கு என்று எனக்கே பிறகு தோன்றியது. பழக்கம்தான்.

வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து ரத்தத்தைச் சுரண்டினேன். மேலே தண்ணீர் ஊற்றினேன். ஓடையிலிருந்து திரும்பிய பெண்களிடம் பெருமாயி போய்விட்டாள் என்று மட்டும் சொன்னேன். உறைந்த பிறகும் லேசாகச் சிவப்பு தெரிந்தது. சின்னவர் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். செம்மண் கலங்கிய தண்ணீர் என்றேன். அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைக்கச் சொன்னார்.

உச்சி சாய்ந்து செல்லமுத்து ஆட்களோடு எண்ணெய் கொண்டுவந்தான். டின்களை உமி அறைச் சுவரை ஒட்டித்தான் அடுக்குவோம். அடுக்கிவிட்டு மற்றவர்கள் போய்விட்டார்கள். அவன் மட்டும் நின்று தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"ஏனுங்க, எம்பட ஊட்டுக்காரியக் காணலீங்களே?"

"காலையிலயே போயிட்டா" என்றேன். மேற்கொண்டு என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அவனே உதவி செய்தான்.

"அவ அம்மா ஊட்டுக்குங்களா? புளியஞ்சோலைக்கு?"

"அப்படித்தான் சொன்னா."

அவன் முகம் வாடியது. "ராத்திரி ஒரு சண்டைங்க. கள்ளு குடிச்சிட்டு வந்தேன்னு பேசினா. நானும் கையை ஓங்கிப்போட்டேன். அடிக்கலீங்க. ஓங்கினதுக்கே கோவிச்சுக்கிட்டா பாருங்க."

"ஞாயித்துக்கிழமை வந்துருவா. நீ இப்பப் போய்க் கூப்பிட்டா இன்னும் முறுக்கிக்குவா."

"அதுவுஞ் சரிதானுங்க. விழா முடியட்டும். வளையல் வாங்கிட்டுப் போயிக் கூட்டியாரேன்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கதவின் கீழ்ப்பக்கத்தில், மெதுவாக. நின்றது. மறுபடி கேட்டது.

செல்லமுத்து காதைத் தீட்டினான். "உள்ள என்னமோ பெறாண்டுதுங்களே."

"எலி" என்றேன்.

அவன் சிரித்தான். "எலிக்கும் ஒரு காலம் பாருங்க. நாங்க வெயில்ல வேகறோம். அது ஐஸுமேல படுத்துக்கிட்டுச் சொகங் காணுது. வாரேனுங்க."

போனான். அதன் பிறகு நான் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். திண்டுக்கல் பூட்டு. சாயங்காலம் சத்தம் இல்லை.

சனிக்கிழமை விழா நன்றாக நடந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. துரைமார்களும் துரைசானிகளும் குதிரையிலும் டோலியிலும் வந்து சேர்ந்தார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தரை முழுவதும் பால் கொட்டிவைத்ததுபோல் இருந்தது. ஏற்காட்டிலிருந்து வந்த பெரிய துரை ரிப்பனை வெட்டினார். சின்னவர் பூட்ஸைக் கட்டிக்கொண்டு நடுவில் ஒரு சுற்று சுற்றி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது.

மேல்பாறை ஆட்களை வாசலுக்கு வெளியே நிற்கவைத்தோம். அவர்களுக்கான நாள் பிறகு வரும் என்று சொல்லியிருந்தோம். ஒரு துரைக்கு மலைக்காரன் ஒருவன் வழுக்குவதைப் பார்க்க ஆசை வந்தது. செல்லமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவன் காலில் பூட்ஸைக் கட்டி நடுவில் கொண்டுபோய் விட்டார்கள். நின்றான், விழுந்தான். எழுந்தான், விழுந்தான். துரைசானிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பூட்ஸை நான்தான் கழற்றிவிட்டேன்.

"இதப் பாக்காமப் போயிட்டாளே" என்றான். "பாத்திருந்தா அவ கோவமெல்லாம் போயிருக்குமுங்க."

விருந்துக்கு ஐஸ் எடுக்க உமி அறைக்கு நானே போனேன். வேறு யாரையும் அனுப்பவில்லை. அவள் நான் கிடத்திய இடத்தில் இல்லை. கதவோரம் சாக்கைச் சுற்றிக்கொண்டு முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். இந்த முறை மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன். சந்தேகம் இல்லை, இறந்திருந்தாள். அவளைச் சற்று நகர்த்தித்தான் கதவை முழுதாகத் திறக்க முடிந்தது. ஐஸ் கட்டிகளை எடுத்து உமி போகக் கழுவி உள்ளே அனுப்பினேன். பானம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் இறங்கினார்கள். சின்னவரும் அவர்களோடு போனார். போகும்போது என் தோளைத் தட்டி "மேனேஜர்" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவளை வெளியே எடுத்து ஓரக் கல்லருகே கிடத்தினேன். தலைமுடியிலிருந்த உமியைப் பொறுக்கினேன். பிறகு சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். காலையில்தான் வேலைக்கு வந்தாள், வழுக்கி விழுந்துவிட்டாள் என்றேன்.

செல்லமுத்து ஓடிவந்தான். அவளைப் பார்த்தான். அவள் முழங்கால் நிமிரவில்லை. எவ்வளவு அழுத்தியும் என்னால் நிமிர்த்த முடியவில்லை. கிடந்த நிலையிலும் உட்கார்ந்திருப்பவள்போலவே இருந்தாள்.

அவன் அவள் கையை எடுத்தான். விரல் நுனிகள் கிழிந்திருந்தன. நகங்களுக்குள் உமி. நான் தலையை மட்டும் பார்த்திருந்தேன், கையைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து எடுத்த கண்ணாடி வளையல்கள் அவனுடைய மற்றக் கையில் இருந்தன.

"எலீன்னீங்களே" என்றான்.

அவர்கள் என்னை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவரும் வேலைக்கு வரவில்லை. இருந்த எண்ணெய் தீரும்வரை எஞ்சின் ஓடியது. பிறகு நின்றது. நான் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பூந்தொட்டியைச் சுற்றி இளகியது. அந்த இடத்துத் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. அவ்வளவு உழைப்பும் வாசல் வழியாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் இறங்கி வந்துவிட்டேன். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை.

எலிக்கு யாராவது திண்டுக்கல் பூட்டுப் போடுவார்களா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

செல்லமுத்து போன பிறகு கதவருகே போனேன். தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. தச்சன் ஒழுங்காக அடிக்காத தாழ்ப்பாள். உள்ளிருந்து இன்னும் கொஞ்சம் ஆட்டினால் கழன்று விழுந்திருக்கும். நான் நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சாமி" என்றாள். பிறகு, "குளுருதுங்க சாமி" என்றாள்.

அந்தக் கதவு திறந்துகொண்டால் குளிர் வெளியே போய்விடும் ஐயா. விருந்துக்கு வைத்திருந்த ஐஸ் முழுவதும் அதற்குள்தான் இருந்தது.