மூன்றடி வாளின் ஆறு பதிப்புகள்

ஜெயபாலன் அண்ணே, நான் புத்தகத்தில் உள்ளபடி நடக்கிறவன் என்பது ஈப்போ அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். இருபது வருடமாகக் கிராணி வேலை, கோப்பும் கடிதமும் எழுதுகிற வேலை. புதுச் சுற்றறிக்கை வந்தால் பழையது செல்லாது. அதற்காக நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நேற்று நீங்கள் சிம்பாங் பூலாய்க்கு என் வீடு தேடி வந்து, "ஏம்பா பத்து, என் தங்கச்சிக்கு முப்பத்திரண்டு வயசாச்சு. என்னா பண்ணி வச்சிருக்கேன்னு ஒழுங்கா எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கை நீட்டாமல் கேட்டதற்கு நன்றி. எழுதித் தருகிறேன்.

எழுபத்தெட்டில், லண்டனில் தாதியாக இருக்கும் என் அக்கா ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகமும் இருபது முகம் உள்ள பகடையும் இருந்தன. ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீரர்களாகி, உட்கார்ந்த இடத்திலேயே வாயால் மலை ஏறி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். குகையில் இருக்கும் அரக்கனைக் கொன்றால் ஆட்டம் முடிந்தது. கதை சொல்கிறவன் நான். வீரர்கள் இரண்டே பேர்: ஜெலாப்பாங் ஃபேக்டரியில் வேலை செய்யும் உங்கள் தங்கை நவமணி, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பஸ் ஓட்டும் சன்னாசி. ஞாயிறு மூன்று மணிக்கு இருவரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆறே மாதத்தில் நவமணிக்கு ஒரு மாய வாள் கிடைத்தது. மூன்று அடி அடித்தால் எதுவும் சாகும். சன்னாசிக்கு, போர்த்தினால் ஆள் தெரியாத போர்வை.

அவர்களுக்குள் மனசு ஒத்துப்போனதும் அந்த மேசையில்தான். சன்னாசி பெண் கேட்டபோது நவமணி, "மொதல்ல அரக்கன முடிங்க, மறுவாரம் தாலி கட்டலாம்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்த ரோஷக்காரன் விடுவானா? அவளைப் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், "அரக்கன் சாகாம தாலி இல்ல" என்று எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டு வந்தான். கற்பூரம் அடித்த சத்தியத்தை யார் மாற்றுவது? தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்தும்கூட அந்த அம்மன் மேலிருந்த பயம் நம்மாட்களுக்குக் குறையவில்லை. உங்கள் அம்மா செல்லாயியும் தலையில் அடித்துக்கொண்டதோடு சரி.

எண்பதில் அக்கா இரண்டாம் பதிப்பை அனுப்பினாள். அது அசல், அதில் என் கைவேலை எதுவும் இல்லை. ஒரு சண்டை போட்டால் வாள் ஏழு நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்று மாற்றியிருந்தார்கள். ஆயுதம் ரொம்பப் பலமாக இருந்தால் ஆட்டம் சப்பென்று போய்விடுமாம். "நல்லா இருந்த வாள எதுக்குலா கெடுக்கிறானுங்க?" என்று சன்னாசி கத்தினான். கத்திவிட்டு, ஏழு நாள் ஓய்வும் கொடுத்தான். அவன் அப்படி அடங்கிப் போனதை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

எண்பத்திரண்டில் இருவரும் குகை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அரக்கன் காலி. கல்யாணம் முடிந்ததும் தாப்பாவில் வீடு பார்க்கப் போவதாகச் சன்னாசி பூரித்துப்போய்ச் சொன்னான். அந்த வாரம் அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் மூன்றாம் பதிப்பு பிறந்தது. நான்கு பக்கம் அடித்துப் புத்தகத்தில் ஒட்டினேன். விரதம் இருப்பவர் கையில்தான் வாள் வெட்டும்.

சன்னாசி பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, சாப்பு இல்லியே?" என்றான். நியாயமான கேள்வி. முத்திரை இல்லாத காகிதத்தை எந்தக் கௌண்டரில் ஏற்றுக்கொள்கிறார்கள்? மறுவாரமே கழுகுப் படம் போட்ட ரப்பர் முத்திரை ஒன்று செய்து வாங்கிக் குத்தினேன். அதைப் பார்த்ததும் அவன் பகடையை எடுத்து உருட்டத் தொடங்கினான். வெளிநாட்டு விளையாட்டுக் கம்பெனி ஈப்போவில் சாப்பு குத்துமா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆனால் நவமணி வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிறவள். அவள் ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு ஆட வந்துவிட்டாள். கெட்டிக்காரி. அன்று தலைவலி என்று திருப்பி அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை விரதம் செல்லாது என்று நான்காம் பதிப்பில் போட்டேன். போர்வை போர்த்தினாலும் வாடை மறையாது என்றும் சேர்த்தேன். சன்னாசி எவ்வளவு தலைஎண்ணெய் தேய்ப்பான் என்பது உங்களுக்கே தெரியும்.

ஐந்தாம் பதிப்பு கொஞ்சம் தாமதமானது. அதற்குள் உங்கள் அம்மா தவறிவிட்டார். கடைசி ஒரு மாதம், யார் பார்க்கப் போனாலும் "அந்த அரக்கன் செத்தானா?" என்றுதான் கேட்டாராம். என்னையும் கேட்டார். "கிட்ட வந்துட்டோம்மா" என்றேன். பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன், நீங்கள் பார்த்தீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பொறுத்திருந்துதான் ஐந்தாம் பதிப்பைக் கொண்டுவந்தேன். நாகரிகம் தெரியாதவன் அல்ல நான். அதில் வாள் மழையில் துருப்பிடித்தது. ஆறாம் பதிப்பில் அதைச் சமையல் சாமான்களின் பட்டியலில் சேர்த்தேன். காய் நறுக்கினால் மட்டும் ஒரு புள்ளி கூடுதல்.

போன வாரம் சன்னாசியின் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பையன் முன்சீட்டில் உட்கார்ந்து அதே இருபது முகப் பகடையை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். "ஆறாம் பதிப்பில வாள இப்படிப் பண்ணிட்டாங்களே" என்று சன்னாசி அவனிடம் ஆற்றாமையோடு முறையிட்டானாம். ஆறாம் பதிப்பா, இன்னும் இரண்டாம் பதிப்பைத்தானே எல்லாரும் ஆடுகிறோம் என்று சிரித்திருக்கிறான் அவன். சன்னாசி வளைவில் பஸ்ஸை ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலைசாய்த்துக் கிடந்தானாம். நவமணி இரண்டு நாள் அழுதாள் என்று நீங்களும் சொன்னீர்கள்.

ஏன் செய்தாய் என்றீர்கள். ஆட்டம் நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அதோடு, அவர்கள் தாப்பாவுக்குப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என் கதவைத் தட்ட ஒரு ஈ காக்கை கிடையாது, அண்ணே. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, மூன்றாம், நான்காம், ஐந்தாம், ஆறாம் பதிப்புகளை எழுதியது நானே. எட்டு வருடம் அந்தக் கல்யாணம் நடக்காததற்குக் காரணமும் நானே. போலிப் பக்கங்களையெல்லாம் கிழித்துவிட்டேன். முதல் பதிப்புப் புத்தகத்தை இதோடு கொடுத்தனுப்புகிறேன். வரும் ஞாயிறு அதன்படியே ஆடி, மூன்றே அடியில் அரக்கனை முடித்துவிடட்டும். இனி நான் ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் பிறகு மறைத்தேன் என்று சொல்லக்கூடாது. அரக்கனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனும் செத்தால்தான் அண்ணன் செத்ததாகக் கணக்கு. முதல் பதிப்பிலேயே நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. இத்தனை வருடம் நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. அந்தப் பக்கத்தை நாளைக்குப் புரட்டிப் பாருங்கள். பசை இன்னும் காயவில்லை.