யாக்கோப்பு மாமாவின் வலது கை

இந்தக் குளிரூட்டியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா, மேடம்? நன்றி. தேற்றாத்தீவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், வியர்த்த உடம்புக்குச் சட்டென்று தும்மல் பிடித்துவிடும். நேர்முகத் தேர்வில் தும்மித் தொலைக்காதே என்று அம்மா வேறு சொல்லியனுப்பினார்.

உங்கள் விளம்பரத்தை முகநூலில் பார்த்தேன். விபத்து இழப்பீட்டு வழக்குகளை மட்டும் பேசும் கொழும்பு நிறுவனம் மட்டக்களப்பில் கிளை திறக்கிறது, கட்சிக்காரரைக் கவனித்துக்கொள்ள ஆள் தேவை, நிரந்தர நியமனம், முன்னேற இடமுண்டு. அந்த ‘நிரந்தர’ என்ற சொல்லை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பட்டம் பெற்ற பிறகு வேலை கேட்டுக் கொட்டகை போட்டுத் தெருவோரம் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அமைச்சர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். நாங்கள் வெயிலில் கறுத்ததுதான் மிச்சம். அதன் பிறகுதான் சட்டத்தரணி கனகசிங்கம் ஐயாவின் அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். அங்கே தற்காலிகம் என்பது வருஷக்கணக்கில் நீளும்.

உங்கள் பக்கத்தில் இருக்கும் சேர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ‘இக்கட்டான நேரத்தில் நீங்கள் தனியாக எடுத்த முடிவொன்றைச் சொல்லுங்கள்.’ இதற்கு எல்லோரும் ஒரு பதிலைப் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். நானும் பாடமாக்கித்தான் வந்தேன். ஆனால் இந்தத் தொழில் தெரிந்த உங்களுக்கு முன்னால் அதை ஒப்புவிக்க வெட்கமாக இருக்கிறது. நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவின் தம்பி யாக்கோப்பு. அப்பா போன பிறகு என்னைப் படிப்பித்தவர் அவர்தான். மாமி காலமானதும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாவியில் வீச்சுவலை வீசி மீன் பிடிப்பார், சைக்கிளில் பெட்டி கட்டிக் கொண்டுபோய் விற்பார். ஒருநாள் காலையில் நெல்மூட்டை ஏற்றிய லொறி ஒன்று கல்முனை வீதியில் அவரைத் தட்டிவிட்டுப் போனது. வலது தோள்பட்டையில் எலும்பு முறிந்தது. பெட்டியிலிருந்த மீன் வீதியெல்லாம் கிடந்து துடித்ததைத்தான் அவர் பெரிய துக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வழக்கை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவள் நான். கனகசிங்கம் ஐயா வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“பிள்ள, நல்ல வழக்குத்தான். ஆனா முறிவு பொருந்திக் கை பழைய மாதிரி வந்துட்டுதெண்டா இது சின்ன வழக்கு. நிரந்தர இயலாமையெண்டு வந்தாத்தான் பெருசு. இத நீ முழுசாக் கொண்டு முடி, உன்ர நிரந்தரத்த நான் பாக்கிறன்.”

அவர் ஒன்றும் கெட்ட நோக்கத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நானும் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை.

மாமா ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போனார். சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே நகர்த்தச் சொன்னார்கள். அது போதாதென்று பழுகாமத்திலிருந்து வினாயகமூர்த்தி வைத்தியர் வந்து எண்ணெய் போட்டு உருவினார். முறிவுக்கு எங்கள் பக்கத்தில் அவரைவிட்டால் ஆளில்லை. கை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. எவ்வளவு வந்தது என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான் எனக்குத் தெரிந்தது. நான் பெண்கள் பக்கம் இருந்தேன், மாமா எதிர்ப் பக்கம். விபத்துக்குப் பிறகு இடக்கையால்தான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். அன்று நினைவில்லாமல் வலக்கை எழும்பி நெற்றிவரை போனது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். கொஞ்சம் நடுக்கத்தோடு, ஆனால் முழுதாக. மாமாவுக்கே ஆச்சரியம். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைத் தேடிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு வயது, இன்னும் தற்காலிகம், அம்மாவுக்கு மருந்தில்லாமல் முடியாத வருத்தம், உழைத்துக்கொண்டிருந்த மனிதரும் வீட்டோடு. எனக்கென்று இருந்த ஒரே கதவு, அந்தக் கை உயர உயர மூடிக்கொண்டு போவதை நான் கண்முன்னே பார்த்தேன். ஆண்டவரின் கோயிலில் இருந்துகொண்டு இப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். நினைப்பு இடம் பார்த்து வருவதில்லை, மேடம்.

காப்புறுதிக் கம்பெனிகள் ஆள் விட்டுப் பார்க்கும், இல்லையா? காயப்பட்டவர் வாளி தூக்குகிறாரா, மரம் ஏறுகிறாரா என்று போனில் படம் பிடித்துக்கொண்டு போய் வழக்கைக் கெடுக்கும். அன்று பூசை முடிந்து வரும்போது கடைசி வாங்குப்பலகைக்குப் பக்கத்தில் வெளியூர் ஆள் ஒருவர் போனைப் பிடித்தபடி நின்றார். மாமாவின் காதில் சொன்னேன்.

“மாமா, அந்தா நிக்கிறவர் கம்பெனி ஆள். நீங்க கையத் தூக்கினதப் பாத்துட்டார் போல.”

மாமாவின் முகம் செத்துப்போனது. “ஐயோ மனே, நான் வேணுமெண்டு செய்யல்ல. பழக்கத்துல போயித்து. இப்ப வழக்கு கெட்டுப் போகுமா?”

“இனித் தூக்காம இருந்தாக் காணும்.”

“தூக்கமாட்டன். சத்தியமாத் தூக்கமாட்டன்.”

அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனாலும் பழக்கம் மறுபடி ஏமாற்றிவிடும் என்று பயந்தார். கட்டிவிடச் சொல்லி அவரே கேட்டார். அகலமான பந்தனத் துணி வாங்கி வந்து கையை மார்போடு சேர்த்துக் கட்டி, மேலே சட்டையைப் போட்டுவிட்டேன். தினமும் வேலைக்குப் புறப்படுமுன் அதுதான் என் முதல் வேலை. சொந்த மகள் கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்தார். அது பொய்யும் இல்லை. புண் வராமல் பவுடர் போட்டேன், இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுக் கட்டினேன்.

மற்றது, வைத்தியம். வழக்கு முடியும்வரை அதையும் நிறுத்துவோம் என்று மாமாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஏன் வருவதில்லை என்று கேட்டபோது, பழுகாமத்து வைத்தியரிடம் போகிறார் என்றேன். பழுகாமத்து வைத்தியர் வந்தபோது, ஆஸ்பத்திரியில்தான் பார்க்கிறார்கள் என்றேன். இரண்டு பக்கத்துக்கும் மற்றப் பக்கத்தின் மேல் எப்போதும் ஒரு சினம் இருக்கும். அதனால் யாரும் மேலே கேட்கவில்லை. வினாயகமூர்த்தி வைத்தியர் மட்டும் வாசல் படலையடியில் நின்று திரும்பிச் சொன்னார்.

“அவங்க பாக்கட்டும் புள்ள, எனக்கொண்டுமில்ல. ஆனா அந்தக் கைய ஓடவிடச் சொல்லு. கிடந்தா விறைச்சிப் போயிரும், பிறகு கடவுளாலயும் ஏலாது.”

நான் ஓம் என்றேன். மாமா வீட்டுக்குள்ளேதான் இருந்தார். நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

நீங்கள் கேட்கலாம், நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும் சட்ட வைத்தியருக்கு முன்னால் கை ஏலாதது மாதிரி நடிக்கச் சொல்லியிருந்தால் போதுமே என்று. மற்றக் கட்சிக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மாமாவுக்குப் பொய் வராது. மீன் நேற்றையது என்றால் நேற்றையது என்று சொல்லி விற்கிற மனிதர். பொய் சொன்னால் பங்குச் சுவாமியிடம் போய் முழந்தாளில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்வார், அப்படியே சந்தியில் நின்று எல்லோருக்கும் சொல்லிவிட்டும் வருவார். இப்படிப்பட்ட ஒருவரை வைத்து வழக்கு நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் அவர் பொய்யே சொல்லத் தேவையில்லாமல் செய்ய வேண்டியிருந்தது. நான் எடுத்த முடிவு என்று கேட்டால், அதுதான்.

வழக்கு நீதிமன்றத்தில் இழுபட்டது. தவணைக்குத் தவணை தள்ளிப் போனது. அது எனக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை, நாள் போகப் போகக் கை எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. தோள் தட்டையாகி, கை சூம்பிப்போனது. சட்ட வைத்தியர் தூக்கச் சொன்னபோது மாமா பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். நெஞ்சு மட்டத்துக்குக் கூட வரவில்லை. வைத்தியர் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், மாமா அலறிவிட்டார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“உள்ளதத்தான் செஞ்சன் மனே. பொய் சொல்ல வேண்டி வருமோ எண்டு ராவெல்லாம் செபம் செய்தன். ஆண்டவர் காப்பாத்திட்டார்.”

சேர், என்ன கேட்டீர்கள்? ஓம், அந்தப் போன் பிடித்தவர். எந்தக் கம்பெனி என்று பெயர் சொன்னால் விசாரித்துப் பார்க்கலாம் என்கிறீர்கள். விசாரிக்கத் தேவையில்லை. அன்று பிள்ளைகளுக்கு முதல் நன்மை கொடுக்கும் பூசை. அவர் தன் மகளைப் படம் பிடிக்க வந்தவர். வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாக அந்தப் பிள்ளை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது, நான் பார்த்தேன். கம்பெனி யாரையும் அனுப்பவில்லை. எங்கள் ஊருக்கு ஆள் அனுப்புமளவுக்கு அது பெரிய வழக்கும் இல்லை, அப்போது.

தண்ணீர் கொஞ்சம் குடிக்கலாமா? நன்றி.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நிரந்தர இயலாமை என்று நீதிபதி வாசித்தபோது மாமாவுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. வழக்குக்காகச் சொல்லுகிற சொல் என்று நினைத்துக்கொண்டார். இழப்பீடு கிடைத்தது, வீட்டுக்குக் கூரை மாற்றினோம், அம்மாவுக்கு மருந்து தட்டுப்பாடில்லை. இதையெல்லாம் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

தீர்ப்புக்கு அடுத்த நாள் காலையில் கட்டுவதற்காக நான் துணியை எடுத்தபோது மாமா இடது கையால் மறித்தார்.

“இனி வேணாந்தானே புள்ள? வழக்கு முடிஞ்சிதே. இனித் தூக்கலாந்தானே?”

அதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு காலமும் அவர் கையை அடக்கி வைத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். விறைப்பு சும்மா கிடந்ததால் வந்தது, ஓடவிட்டால் போய்விடும் என்று நம்பியிருந்தார். வலையின் பொத்தலை அடைத்து, ஈயக் குண்டு பார்த்து, முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்திருந்தார்.

நானும் கூடப் போனேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். முழங்கால் தண்ணீரில் இறங்கி, வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்து, மடிப்பை இடது கையில் ஏந்திக்கொண்டார். எல்லாம் பழைய ஒழுங்கில்தான் நடந்தது. பிறகு சுழன்று வீச வேண்டிய கை விலாவை விட்டுக் கொஞ்சம் அசைந்து அப்படியே நின்றுவிட்டது. வலை விரியவில்லை. துவைக்கப் போட்ட துணி மாதிரி அவருடைய காலடியிலேயே விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது. அக்கம்பக்கத்துத் தோணிகளில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

“கை மறந்து போயித்து போல” என்று மாமா சிரித்தார். சிரித்த வாயில் வலைக்கயிற்றின் சேறு இருந்தது.

“மெல்ல மெல்ல வரும் மாமா” என்றேன். வராது என்று வைத்திய அறிக்கையில் இருந்தது. அதைத் தமிழில் மொழிபெயர்த்து நீதிமன்றத்துக்குக் கொடுத்தவளே நான்தான்.

கனகசிங்கம் ஐயாவிடம் என் நிரந்தரத்தைப் பற்றிக் கேட்டேன். “பாப்பம் பிள்ள, இப்ப என்ன அவசரம்” என்றார். கொஞ்ச நாளில் அவருடைய தங்கை மகள் கஜானி வந்து நிரந்தரக் கதிரையில் உட்கார்ந்தாள். நல்ல பிள்ளை. கோப்புகளை எப்படி அடுக்குவது என்று நானே சொல்லிக்கொடுத்தேன். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் மாமாவுக்குச் சோறு குழைத்துக் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நிரந்தரம் போனதற்காக அழுகிறேன் என்று நினைத்து, இடது கையால் என் முதுகைத் தடவிவிட்டார். “அவன் தராட்டிப் போகட்டும் மனே, உன்ர திறமைக்குக் கொழும்புக்காரனே வந்து கூப்பிடுவான்” என்றார். பாருங்கள், நீங்களே வந்துவிட்டீர்கள்.

மேடம், பேனையை மூடிவிட்டீர்கள். நான் வருந்துகிறேனா என்று உங்கள் முகம் கேட்கிறது. வருந்துகிறேன். அவருடைய சட்டையைத் தோய்க்கும்போது வலது கைப் பக்கம் அழுக்கே இருப்பதில்லை, ஆனாலும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் கசக்குகிறேன். ஆனால் சுயநலம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கை நன்றாக வந்திருந்தால் அவர் இன்றும் வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பார். இப்போது கூரைக்குக் கீழே நிழலில் இருக்கிறார். அவருக்குக் கெடுதல் செய்யும் நோக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

எனக்கு இந்த வேலை வேண்டும். ஒளிக்காமல் சொல்கிறேன், இது கிடைக்காவிட்டால் எனக்குப் போக இடமில்லை. வழக்கை எப்படிப் பெரிதாக்குவது, கட்சிக்காரரை எப்படிக் கட்டுக்குள் வைத்திருப்பது என்று இந்தப் பக்கத்தில் என்னைவிடத் தெரிந்தவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். கட்சிக்காரர் ஒருவரும் என்னைப் பற்றி ஒரு முறைப்பாடு சொன்னதில்லை.

என் விண்ணப்பத்தில் நற்சான்று தருபவரின் பெயர் இருக்கிறது, பாருங்கள். யாக்கோப்பு. தொலைபேசி எடுக்கத் தேவையில்லை, கூடவே வந்திருக்கிறார், வெளியே வாங்கில் இருக்கிறார். உள்ளே வருமுன் இடது கையால் என் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அனுப்பினார். கூப்பிட்டுக் கேளுங்கள், மேடம். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது.