தேறும் என்று நான் சொன்ன லைட்டு

விலை குறைந்ததெல்லாம் மட்டம் என்று நினைக்கிறவன் பம்பாயில் கடை போட்டுப் பிழைக்க முடியாது, சாமி. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டுக்கொண்டு வியாபாரம் பேசுகிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். என்ன செய்ய, என் பாவத்துக்குப் போகிற வழி என் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரலைக் கேட்டே ஆள் யாரென்று தெரிந்திருக்கும். குர்லா ஸ்டேஷனுக்கு வெளியே டார்ச் லைட் ரிப்பேர் செய்கிற சேசுராஜ். வீடு தாராவியில். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அன்னமேரி ஒரே மகள். அவளுக்கும் தனசீலனுக்கும் நீங்கள்தான் மெய்விவாகம் செய்துவைத்தீர்கள். போன மாதம் தனசீலனை அடக்கம் செய்ததும் நீங்கள்தான்.

தண்ணீருக்குள் எரிகிற டார்ச் லைட் என்று ஒன்று உண்டு. துறைமுகத்தில் விழுந்த சாமான்களை முங்கி எடுக்கிறவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போவது. இங்கிலாந்து லைட்டு நன்றாகத்தான் இருக்கும். அதை வாங்குகிற விலையில் ஒரு குடும்பம் தூத்துக்குடிக்குப் போய் மாதா கோவில் திருவிழா பார்த்துத் திரும்பலாம். சீனச் சண்டைக்குப் பிறகு இறக்குமதி நின்றுபோய் அதுவும் கண்ணில் படுவதில்லை. ஆகவே கப்பல்காரர்கள் ஹாங்காங்கிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பைக்குள் திணித்துக் கொண்டுவருகிற மலிவு லைட்டுகள்தான் எங்கள் ஆட்களுக்கு. அதில் எது தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்வது நான். சேசுராஜ் தேறும் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள்.

எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். மூடியைத் திருகும்போது நறநறவென்று சத்தம் வரக்கூடாது. கண்ணாடிக்கு உள்பக்கம் வியர்த்திருக்கக் கூடாது. ஆனால் உயிர் இருப்பது மூடிக்கு அடியில் கிடக்கிற ரப்பர் வளையத்தில். அதை நகத்தால் அழுத்த வேண்டும். பள்ளம் உடனே மேலே வந்துவிட்டால் நல்ல ரப்பர். பள்ளம் அப்படியே நின்றால் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். கடைசியில் வாங்குகிறவன் கண்ணெதிரே லைட்டைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பேன். குமிழி வராவிட்டால் அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவான். இதில் அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. செத்த ரப்பரும் பக்கெட்டில் தேறிவிடும். கடல் அமுக்குகிற அமுக்கு பக்கெட்டில் ஏது? அவர்கள் பக்கெட்டைப் பார்த்தார்கள், நான் நகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி மாப்பிள்ளை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குடிக்கமாட்டார். அன்னமேரியைக் கை நீட்டி அடித்ததில்லை. சங்கு குளித்துப் பழகிய உடம்பு. குழாய், முகமூடி எதுவும் இல்லாமல் வெறும் மூச்சை அடக்கிக்கொண்டு முங்குவார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முங்குகிறவன் தன் கயிற்றைக் கூடப்பிறந்தவன் கையில்கூடக் கொடுக்கமாட்டான், மச்சான் கையில்தான் கொடுப்பான். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் ஆசை வரலாம். தங்கச்சி தாலி அறுவதில் எந்த மச்சானுக்கும் ஆசை வராது. அன்னமேரிக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் கயிறு என் கைக்கு வந்தது. பெரிய வேலை என்றால் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு அவரோடு தோணியில் போய்விடுவேன். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

பாஸ்காத் திருவிழா முடிந்த பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

“மாமா, விசாகப்பட்டணத்துல வேலை கெடச்சிருக்கு. கம்பெனியே வீடு குடுக்கான். வீட்டுக்குள்ளயே பைப்பாம். அன்னம் கொடத்தைத் தூக்கிக்கிட்டு லைன்ல நிக்க வேண்டாம்.”

“அப்ப கடை?” என்றேன்.

“அத எவன்ட்டயாவது குடுத்துட்டு நீங்களும் வந்திருங்க. வயசான காலத்துல எதுக்கு தாராவிக்கும் குர்லாவுக்கும் அலையுதீங்க?”

அன்னமேரி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது. என்னிடம் கடைசியில்தான் சொல்கிறார்கள். நான் கோபப்படவில்லை, சாமி. கடையில் என்னோடு உட்கார்ந்துகொள்ளுங்கள், கடலும் வேண்டாம் விசாகப்பட்டணமும் வேண்டாம் என்று தன்மையாகத்தான் கேட்டேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை தனக்கு ஒத்துவராது என்று சிரித்துவிட்டார். அந்த ஒற்றை அறையில் ஒரு தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் படுப்பதை நினைத்துப் பார்த்தேன். அழுகை வந்தது. அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

முங்குகிறவனுக்குத் தண்ணீரில் பயம் கிடையாது, இருட்டில்தான் பயம். கீழே லைட்டு அணைந்து ஒருதரம் மாட்டிக்கொண்டவன் பிறகு கடல் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். அப்படிப்பட்ட இரண்டு பேரை எனக்கே தெரியும். ஒருவர் ஆண்டாப் ஹில்லில் பீடிக் கடை வைத்து நன்றாக இருக்கிறார். அடியாத மாடு படியாது என்பார்கள். எனக்கு மாப்பிள்ளையை அடிக்க மனசு வருமா? அந்த வேலையைப் பயம் செய்யட்டும் என்று விட்டேன்.

ஹாங்காங் லைட்டு ஒன்று கடையில் கிடந்தது. மஞ்சள் உடம்பு, தகரம் மாதிரி லேசு. ரப்பர் வளையம் சிவப்பாக இருந்தது. நான் அதுவரை கறுப்பைத்தான் பார்த்திருந்தேன். நகத்தால் அழுத்தினேன், பள்ளம் அப்படியே நின்றது. தேறாது என்று மூலையில் போட்டு வைத்திருந்தேன். டிராம்பே உப்பங்கழியில் முழுகிக் கிடந்த ஒரு பார்ஜ் சரக்குப் படகுக்குள் பித்தளைச் சாமான் எடுக்கிற வேலை, விசாகப்பட்டணத்துக்கு முன்னால் கடைசி வேலை என்று மாப்பிள்ளை லைட்டு கேட்டு வந்தார். அதை எடுத்துத் துடைத்துப் பக்கெட்டில் அமுக்கினேன். குமிழி வரவில்லை.

“தேறுமா மாமா?”

“தேறும்.”

பொய் என்றால் இது பொய்தான். ஆனால் பக்கெட் சொன்னதைத்தான் நான் சொன்னேன்.

செம்பூர் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தோம். தோணியில் எங்களோடு உதுமான் என்கிற கீழக்கரைக்காரர் இருந்தார். அவரும் முங்குகிறவர்தான், முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். கழித் தண்ணீர் சாக்கடை நிறம். ஆள் இறங்கிய இடமே தெரியாது. கயிறுதான் பேசும். ஒருமுறை இழுத்தால் தளர்த்த வேண்டும். விடாமல் வெடுக் வெடுக்கென்று இழுத்தால் தூக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் கயிறு வெடுக் வெடுக்கென்று இழுத்தது.

லைட்டு அணைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். உடனே தூக்கினால் சிரித்துக்கொண்டே மேலே வருவார், உதுமானின் லைட்டை வாங்கிக்கொண்டு திரும்பவும் இறங்குவார். பயம் உள்ளே இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற நேரம் போதும் என்று வைத்துக்கொண்டேன். ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கெட்டது நடக்காது என்ற நம்பிக்கையும் இருந்தது. சொல்லி முடித்தேன். கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணாச்சி, கயிறு துடிக்குது?” என்று உதுமான் எழுந்தார்.

“ஒண்ணுமில்ல. சாமானைக் கட்டுதாரு, இரும்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். கயிறு என் கையில் அல்லவா இருக்கிறது, பெண்ணைக் கொடுத்தவன் கையில். அதற்கு மேல் அவர் என்ன கேட்பார்? இன்னொரு ஜெபம் ஆரம்பித்தேன். இந்தத் தடவை அவசரப்படாமல், பூசையில் சொல்கிற மாதிரி சொன்னேன். கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்தது. ஜெபத்தின் கடைசியில் வருகிற ‘மரண நேரம்’ என்ற சொல் வாயில் வந்தபோது கயிறு ஆடுவது நின்றுவிட்டது. அமைதியாகிவிட்டார், புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆரம்பித்ததைப் பாதியில் விடக்கூடாது என்று அதை முடித்தேன். அதற்குப் பிறகும் ஒன்று சொன்னேன்.

பிறகு இழுத்தேன். கயிறு வரவில்லை. உதுமான் என்னைத் தள்ளிவிட்டுக் குதித்தார்.

மேலே கொண்டுவந்து கிடத்தியபோது மாப்பிள்ளையின் கண் திறந்திருந்தது. மணிக்கட்டில் அந்த மஞ்சள் லைட்டு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில், வெயிலில், எரிந்துகொண்டிருந்தது.

“லைட்டு வெளிச்சத்தை வச்சுத்தான் அண்ணாச்சி ஆளையே கண்டேன்,” என்று உதுமான் அழுதார். “இடுப்புத் துணி தகட்டுல சிக்கியிருக்கு. அவுத்துப் பாத்திருக்காரு, முடியல. கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா ஒரு நிமிசத்துல அறுத்து விட்டிருப்பேன்.”

ஆக, அவர் இருட்டுக்குப் பயந்து இழுக்கவில்லை. எது தன்னைப் பிடித்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு, மேலே மாமா இருக்கிறார் என்ற தைரியத்தில் இழுத்திருக்கிறார். இதை நினைக்கிற போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்னமேரி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சமைக்கிறாள், குடத்தோடு லைனில் நிற்கிறாள். அடக்கம் முடிந்த அன்று ஒன்று சொன்னாள். “யப்பா, நீங்க பாத்துக் குடுத்த லைட்டு கடைசி வரைக்கும் அணையலயாமே. அவரு இருட்டுல கெடந்து சாவல. எனக்கு அது போதும்.” சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கயிறு உரித்த கை அது. புண் அப்போது காயவில்லை.

செய்தி பரவிவிட்டது. முங்குகிறவர்கள் எல்லோரும் சிவப்பு வளையம் போட்ட லைட்டுதான் வேண்டும் என்று கடைக்கு வருகிறார்கள். நானும் விற்கிறேன். அந்த வளையம் ஒன்றை வெட்டிப் பார்த்தேன். அது வேறு மாதிரியான ரப்பர், சாமி. மெத்தென்று இருப்பதால் நகம் பட்ட பள்ளம் மேலே வராது. கடல் அமுக்க அமுக்க இன்னும் கெட்டியாகக் கவ்விக்கொள்ளும். இங்கிலாந்து லைட்டு பிச்சை வாங்க வேண்டும்.

கொலை என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்துதான் வந்தது, என் வாயிலிருந்து வரவில்லை. கயிறு இழுத்தபோது நான் தூக்கவில்லை. உதுமான் கேட்டபோது பொய் சொன்னேன். சொல்லியிருந்தால் மாப்பிள்ளை பிழைத்திருப்பார், அதுவும் எனக்குத் தெரியும். எதையும் மறைக்கவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் கணித்தபடி அந்த லைட்டு அணைந்திருந்தால் அவர் வெறுமனே பயந்திருப்பார், இன்றைக்குக் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அன்னமேரியும் சிரித்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷத் தொழிலில் ஒரே ஒரு சாமானைத்தான் நான் தப்பாக மதிப்புப் போட்டுவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் என்ன பிராயச்சித்தம் என்று சொல்லுங்கள்.