வெண்டலுக்காக முப்பத்தொன்பது கடிதங்கள்

காப்பி நன்றாகவே இருக்கிறது. போன தடவை இப்படி ஒரு விசாரணை அறையில் என்னை உட்கார வைத்தபோது வெறும் தண்ணீர்தான் கொடுத்தார்கள். வலி மாத்திரை விற்ற வழக்கு அது, பதினொரு வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு எழுத்து தெரியாது. சிறையில்தான் கற்றுக்கொண்டேன். அதனால் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் யார்மேல் மத்திய அரசின் ஃபெடரல் வழக்கு வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். உள்ளே போய் வந்தவன் நான் ஒருவன்தானே. வெண்டல் டாக்கெட்டும் வந்தான். இருவரும் பத்தொன்பது வயதில் ஒரே நாளில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அவன் மேஸ்திரி ஆனான். நான் கடைசிவரை மண்வெட்டிதான். அவன்மேல் வழக்கு இதுதான்: சுரங்கத்தில் தூசி அளக்கும் கருவியைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் மூடி வைத்து, தூசி குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். கம்பெனி சொல்லித்தான் செய்தான், ஆனால் கையெழுத்து அவனுடையது.

"டேய் எஸ்டில், என்னை என்னடா பண்ணுவாங்க?" என்றான்.

"விடிகாலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுவாங்க. பேன்ட்டப் போட்டுக்கிட்டே தூங்கு."

அவன் மனைவி நடீன் சிரித்தாள். "இவரு பூட்ஸோடயே தூங்குற ஆளு, பேன்ட்டுக்கு என்ன."

நான் சொன்னது எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். வக்கீல் இல்லாமல் வாயைத் திறக்காதே, அவர்கள் பதிலைத் தெரிந்துகொண்டுதான் கேள்வி கேட்பார்கள், பொய் சொன்னால் அது தனி வழக்கு. முதல் நாள் கோர்ட்டில் குற்றமில்லை என்று சொல், அது வழக்கம். பிறகு ஒப்புக்கொள், தண்டனை குறையும். தீர்ப்புக்கு முன்னால் ஊர்க்காரர்கள் நீதிபதிக்குக் கடிதம் எழுதலாம், அதை வக்கீல் கையில் கொடுக்க வேண்டும்.

"உனக்கு யாருடா எழுதினாங்க?" என்றான். குத்தலாகக் கேட்கவில்லை.

"யாரும் எழுதல."

"அட, எங்களுக்குத் தெரியாதேடா. சொல்லியிருந்தா எழுதியிருக்க மாட்டோமா?"

என் தீர்ப்பு நாளில் நீதிபதி, கடிதம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் என் வக்கீல். நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். வெண்டல் வரவில்லை, அவனுக்கு அன்று ஷிஃப்ட்.

அவனுக்காக நடீன் யாரிடமும் கெஞ்சவில்லை. சர்ச்சில் ஒரு தடவை சொன்னாள், பத்து நாளில் முப்பத்தொன்பது கடிதங்கள் வந்துவிட்டன. பூட்ஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தாள். வக்கீல் இருப்பது லெக்சிங்டனில். சிறையிலிருந்து வந்த பிறகு நான் லாரி ஓட்டுகிறேன், வாரா வாரம் அங்கே சரக்கு இறக்கப் போகிறவன்.

"உங்கள விட்டா யாரை நம்புறது எஸ்டில்," என்று ஆப்பிள் கேக்கும் கட்டிக்கொடுத்தாள்.

வழியில் பெட்ரோல் பங்க் ஓரமாக லாரியை நிறுத்திக் கேக்கைத் தின்றேன். பிறகு பெட்டியைத் திறந்தேன். நான் மெதுவாகப் படிப்பவன், நாலு மணி நேரம் ஆனது. மகன் செத்தபோது தன் ஷிஃப்ட்டையும் சேர்த்து வெண்டல் பார்த்தான் என்று ஒருவர். தவறு செய்தான், வெட்கப்படுகிறான், அவனை எங்களிடமே விடுங்கள் என்று ஒரு பள்ளிக்கூடத்து அம்மாள். சுரங்கக் கூரை சரிந்த நாளில் கல்லுக்கடியிலிருந்து தன்னை வெண்டல்தான் இழுத்தான் என்று எங்களோடு வேலை பார்த்த டெல்மர் எழுதியிருந்தான். டெல்மரின் இடது காலைப் பிடித்து இழுத்தவன் நான். கடிதத்தில் என் பெயரைத் தேடி மூன்று தடவை படித்தேன்.

எந்த மாதிரிக் கடிதம் நீதிபதிக்குப் பிடிக்காது என்பது சிறையில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெட்டியில் அப்படி ஆறு இருந்தன. தூசியெல்லாம் ஒரு குற்றமா, எல்லாச் சுரங்கத்திலும் இதுதான் நடக்கிறது, அரசாங்கத்துக்கு வேறு வேலை இல்லையா என்று. அந்த ஆறையும் உறையில் போட்டு வக்கீலிடம் கொடுத்தேன். அவருக்கு ஏகப்பட்ட வழக்கு. படிக்காமலே கோப்பில் சேர்த்திருப்பார். மற்ற முப்பத்துமூன்றும் பெட்டியோடு சீட்டுக்கு அடியில் போயின.

வீட்டுக்காவலோடு விட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தீர்ப்பு நாளில் அரசுத் தரப்பு வக்கீல் அந்த ஆறில் ஒன்றை எடுத்து உரக்கப் படித்தார். வேண்டியவர்களுக்கே இது குற்றமாகத் தெரியவில்லையே என்றார் நீதிபதி. ஐம்பத்தொரு மாதம். வெண்டல் திரும்பி நடீனைப் பார்த்தான். பக்கத்திலேயே இருந்த என்னைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது நடீன் சொன்னாள்: "முப்பத்தொம்பது பேரு சொல்லியும் அந்த மனுஷனுக்கு மனசு இரங்கலையே."

வண்டி ஓட்டும்போது நான் அதிகம் பேசுவதில்லை.

வெண்டலின் நுரையீரலில் ஏற்கெனவே கரித்தூசி இருந்தது. சிறையில் இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை. சவப்பெட்டியின் முன்பக்கம் என் தோளில்தான் இருந்தது.

போன மாதம் லாரியைப் பழுது பார்க்க விட்டேன். மெக்கானிக் சீட்டுக்கு அடியில் அந்தப் பெட்டியைக் கண்டு, கடிதங்களில் வெண்டல் பெயரைப் பார்த்து, நடீனிடம் கொடுத்திருக்கிறான். அவள்தான் உங்களிடம் கொண்டுவந்தாள் என்று சொன்னீர்கள். ஆமாம், அந்த முப்பத்துமூன்றையும் மறைத்தது நான். தெரிந்துதான் செய்தேன். யாரும் தூண்டவில்லை. அவன் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. நீதிபதி பக்கம் புரட்டும் சத்தத்தை அவனும் ஒரு தடவை கேட்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இனி என்னென்ன நடக்கும் என்று எனக்கு நீங்கள் விளக்க வேண்டாம். தீர்ப்புக்கு முன்னால் கடிதம் கேட்பார்கள். நடீனுக்கு இப்போது கோபம் இருக்கும், இருக்கட்டும். அவள் எனக்காக எழுதுவாள். அவன் உள்ளே இருந்த இரண்டு குளிர்காலமும் அந்த வீட்டில் விறகு தீர நான் விட்டதில்லை.