களிம்பு என்று தேய்த்த ஓவியம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் ஜெகபர் அலி அவர்களே, மயிலாடுதுறையின் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பூவிழி அவர்களே, அனைவருக்கும் இந்தச் சாஜிதாவின் சலாமும் வணக்கமும்!

தகட்டில் ஓவியம் அச்சிடும் இந்தக் கூடத்தைத் திறக்க என்னை அழைத்தார்கள். எனக்கென்ன தகுதி? உருவப்படம் மாட்டாத வீடு எங்கள் வீடு. ஆளில்லாத, அணிலில்லாத, வண்ணம் மட்டுமே வாழும் ஓவியம் ஒன்றை அலுமினியத் தகட்டில் அச்சிட்டுத் துபாயிலிருந்து அனுப்பினான் என் மகன் முபாரக். மூன்று மாதம் மாட்டிவைத்தேன். வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். பார்த்தேனா? பேசினேன், அவ்வளவுதான்!

பெருநாள் வந்தது. பத்தாண்டுகளாக எங்கள் வீட்டில் வேலை செய்த பூவிழி, பித்தளைப் பாத்திரங்களோடு அந்தத் தகட்டையும் கொல்லையில் போட்டு, புளியும் தேங்காய்நாருமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்! சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லையே!

"படத்தப் பாழாக்கிட்டியே! இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"களிம்பு ஏறியிருக்குன்னு நெனச்சேங்கம்மா. தேய்க்கத் தேய்க்கப் போவல. அப்பறந்தான் உத்துப் பாத்தேன். இந்தச் செவப்பு, ஆத்துல வர்ற புதுத் தண்ணிங்க. கீழ் மூலைக்கு இன்னும் ஏறல. எங்க வயலு அங்கதாம்மா இருக்கு" என்றார். கையைக் கழுவினார், போய்விட்டார்.

ஒரு குடம் தண்ணீரை எடுத்துத் தகட்டில் ஊற்றினேன். அம்மம்மா! ஒரு பொட்டு வண்ணம் போகவில்லை! சூட்டில் உள்ளே இறங்கிய வண்ணமாம் அது. புளி தோற்றது, நார் தோற்றது, நானும் தோற்றேன்! ஈரத் தகட்டில் சிவப்பாகப் புதுவெள்ளம் புரண்டது. கீழ் மூலை மட்டும் காய்ந்த வயலாகவே கிடந்தது.

எந்தச் சீமையிலோ இருந்து வரைந்தவர் காவிரியைக் கண்டிருப்பாரா? பூவிழி ஓர் ஓவியக் கூடத்தைத்தான் கண்டிருப்பாரா? இருவரும் சந்தித்தது என் கொல்லையில்! அந்தச் சந்திப்பையல்லவா நான் விரட்டினேன்!

யாரது, "மன்னிப்புக் கேட்டீங்களா?" என்பது? இரண்டு முறை பூவிழியின் வீட்டுக்குப் போனேன், ஐயா. "வேணாங்கம்மா" என்று உள்ளே போய்விட்டார். திட்டியது தெருவே கேட்க, மன்னிப்பு மட்டும் காதோடு காதாகவா? அதற்குத்தான் இந்த மேடைக்கு வந்தேன்!

பூவிழி, வேலைக்குத் திரும்பும்படி கேட்கவில்லை. தவறு என்னுடையது, மன்னித்துவிடுங்கள். இந்தக் கூடத்தை நீங்கள் திறக்க வேண்டும்.

எழுந்துவிட்டார்! வழி விடுங்கள், தாய்மார்களே, வழி விடுங்கள்! இனி என் பேச்சுக்கு இங்கே வேலையில்லை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. தேய்த்துப் பார்த்த அந்தக் கைகளுக்கு என் வணக்கம்!