மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு

தங்கை: கதவைத் திறக்கா.

அக்கா: குளிச்சுட்டு இருக்கேன்.

தங்கை: தண்ணி சத்தமே கேக்கலையே.

அக்கா: …சோப்பு போட்டுட்டு இருக்கேன்.

தங்கை: அரை மணி நேரமாவா? உள்ள யானையையா குளிப்பாட்டுற?

அக்கா: போ சின்னம்மு. ஞாயித்துக்கிழமை வந்தா நேரா அம்மாகிட்டதானே போவ. போய் உக்காரு.

தங்கை: அம்மா தூங்குது. பாத்துட்டுத்தான் வந்தேன். நீ வெளிய வா.

அக்கா: எனக்கு… ஜுரம் மாதிரி இருக்கு. உனக்கு ஒட்டிக்கும்.

தங்கை: மருந்துக்கடையில பதினெட்டு வருஷமா நிக்கறேன். ஊர்ல இருக்கற ஜுரமெல்லாம் என் மூஞ்சில இருமிட்டுத்தான் போகுது. திற.

அக்கா: மாட்டேன்.

தங்கை: என்னக்கா… விழுந்துட்டியா?

அக்கா: இல்லடி.

தங்கை: அழுதியா?

அக்கா: அழுதா எரியுது.

தங்கை: எது எரியுது?

அக்கா: …மூஞ்சி.

தங்கை: ஐயோ, அடுப்புல ஏதாவது…

அக்கா: அடுப்பெல்லாம் இல்ல. வெயில்.

தங்கை: நீ வாசலைத் தாண்டுறதே ஞாயித்துக்கிழமைதான். அதுவும் நான் பிடிச்சுத் தள்ளினாத்தான். எந்த வெயில் உன்னைத் தேடிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்துச்சு?

அக்கா: …சிரிக்க மாட்டேன்னு சொல்லு.

தங்கை: சிரிக்க மாட்டேன்.

அக்கா: தலைமேல சத்தியமா?

தங்கை: என் முடி கொட்டுற கொட்டுக்கு இந்தத் தலையை நம்பி சத்தியம் வேறயா? சொல்லுக்கா.

அக்கா: ஒரு கிரீம் போட்டேன்.

தங்கை: என்ன கிரீம்?

அக்கா: அந்த அட்டைப்பெட்டியை மடிச்சுக் கதவுக்கடியில தள்றேன். நீயே படிச்சுக்கோ. என் வாயால சொல்ல முடியாது.

தங்கை: இரு… எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. "சுருக்கங்களைக் குறைக்கும் இரவு கிரீம். ரெட்டினால், நியாசினமைடு…" அக்கா!

அக்கா: சிரிக்கற.

தங்கை: இல்ல, இருமினேன்.

அக்கா: தெரியும். அம்பத்தி நாலு வயசுல இவளுக்கு என்ன மினுக்குன்னுதானே…

தங்கை: நான் எங்க அப்படிச் சொன்னேன்? எங்க வாங்கின? எங்க கடையில இந்தச் சரக்கு கிடையாதே.

அக்கா: தெருக்கோடியில இன்னொரு கடை இருக்கே.

தங்கை: அடிப்பாவி! கூடப்பிறந்தவ கடையைத் தாண்டி, அங்க போய்…

அக்கா: உன்கிட்ட எப்படிடி கேப்பேன்? அங்கயே ரெண்டு தடவை உள்ள போய், தலைவலி மாத்திரை வாங்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். மூணாவது தடவைதான் வாய் வந்துச்சு. அதுவும் "சொந்தக்காரங்களுக்கு"ன்னு சொல்லித்தான்.

தங்கை: ம்.

அக்கா: விலையும் கம்மி. ரெண்டு சோப்பு வாங்கற காசுதான். விலை கம்மியா இருக்கப்போய்தான் இப்படி ஆயிடுச்சோ?

தங்கை: அதெல்லாம் இல்ல. ஒசத்தி டப்பாவுலயும் இதே ரெட்டினால்தான், டப்பாதான் பளபளக்கும். வைட்டமின் ஏ வகை. பழைய தோல் உதிர்ந்து புதுசு சீக்கிரம் வர வைக்கும். மாசக்கணக்குல பொறுமையா போட்டா கொஞ்சம் பலன் தெரியும். நீ எவ்வளவு போட்ட?

அக்கா: பட்டாணி அளவுன்னு போட்டிருந்துச்சு.

தங்கை: சரி. முழு மூஞ்சிக்கும் ஒரு பட்டாணி.

அக்கா: …முழு மூஞ்சிக்குமா?

தங்கை: எத்தனை பட்டாணி போட்ட?

அக்கா: நெத்திக்கு ஒண்ணு, கன்னத்துக்கு ஒண்ணொண்ணு, தாடைக்கு ஒண்ணு… கண்ணுக்குக் கீழதான் சுருக்கம் ஜாஸ்தி. அங்க மட்டும் ரெண்டு ரெண்டு.

தங்கை: பேசாம மூட்டையா வாங்கியிருக்கலாம் நீ. ராத்திரி மட்டும்தானே போட்ட?

அக்கா: மூணு வேளை.

தங்கை: மூணு வேளையா!

அக்கா: சாப்பாட்டுக்குப் பிறகு.

தங்கை: மருந்தா அது?

அக்கா: அம்மாவோட மாத்திரை டப்பா பக்கத்துலயே வெச்சுட்டேன். காலை, மதியம், ராத்திரி. அம்மா வாயில மாத்திரை, என் மூஞ்சில கிரீம். தபாலாபீஸ் வேலையை விட்டுட்டு வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. எனக்கு நேரம்னாலே மாத்திரை நேரம்தான்டி. சிரிச்சுக்கோ, பரவாயில்ல.

தங்கை: சிரிப்பு வரலக்கா. வேற என்ன போட்ட?

அக்கா: கடைக்காரர் ஒரு சீரமும் குடுத்தாரு. ஆசிட் சீரமாம்.

தங்கை: கிளைகோலிக்கா? இதோட சேத்தா?

அக்கா: முதல்ல அது. காஞ்சதும் இது.

தங்கை: தனித்தனியா போட்டாலே ஒவ்வொண்ணும் தோலை உரிக்கும். ரெண்டையும் சேத்து மூணு வேளைன்னா உருளைக்கிழங்கைச் சீவுற மாதிரிதான். எத்தனை நாளா?

அக்கா: பதினோரு நாள்.

தங்கை: திறக்கா. இப்பவே.

அக்கா: அம்மா ரூம் கதவைச் சாத்திட்டு வா. அம்மா என்னைப் பாக்கக் கூடாது.

தங்கை: …சாத்தியாச்சு.

அக்கா: இந்தா. நல்லாப் பாத்துக்கோ.

தங்கை: ஐயோ… அக்கா!

அக்கா: கத்தாதடி, முழிச்சுக்கும்.

தங்கை: இல்ல… ஆறிடும். இப்படி வெளிச்சத்துல உக்காரு. தொடாத. ரெண்டையும் இன்னியோட நிறுத்து. வெறும் தண்ணி, வாசலின், அவ்வளவுதான். நாளைக்குக் காலையில தோல் டாக்டர்கிட்ட போலாம், நான் லீவு போடறேன்.

அக்கா: காலையில அம்மா பாத்துடுச்சு.

தங்கை: …என்ன சொல்லுச்சு?

அக்கா: டம்ளரைத் தூக்கி எறிஞ்சுச்சு. திட்டுறது பழகிடுச்சு. தினமும் கேக்கும், "நீ யாரு? என் பொண்ணு எங்க?"ன்னு. "நான்தாம்மா உன் பொண்ணு"ன்னு சொன்னா, "போடி கிழவி, என் பொண்ணு வயசுப்பொண்ணு"ன்னு சொல்லும். அதையெல்லாம் காதுல வாங்காம தலையைத் துவட்டிவிட்டுட்டுப் போயிடுவேன். ஆனா இன்னிக்குப் பயந்துச்சுடி. என்னைப் பாத்து அம்மா சுவரோட ஒண்டிக்கிச்சு.

தங்கை: அதுக்காகவா… இந்தக் கிரீமெல்லாம்?

அக்கா: வேற எதுக்கு? என்னை யார் பாக்கப் போறாங்க?

தங்கை: என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.

அக்கா: உன்கிட்டயா? உன்மேல இருந்த எரிச்சல்லதானே வாங்கினதே.

தங்கை: என்மேலயா?

அக்கா: வாரத்துக்கு ஒரு நாள் வர. உன்னைத் தெரியுது. நீ போனப்புறம் படுக்கற வரைக்கும் "என் பொண்ணு வந்துட்டுப் போனா"ன்னு என்கிட்டயே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். மலம் அள்றவ நான். சிரிப்பு உனக்கு. நாம ரெண்டு பேரும் ஒரே அச்சு. பத்து வருஷத்துக்கு முந்தி இருந்த என் மூஞ்சிதான் இப்ப உன்கிட்ட இருக்கு. அந்தப் பத்து வருஷத்தைத் தேய்ச்சு எடுத்துட்டா என்னையும் தெரிஞ்சுக்கும்னு நினைச்சேன். கூடப்பிறந்தவமேல பொறாமைப்பட்டேன்டி. மூஞ்சி எரியறதைவிட அதுதான் வெக்கமா இருக்கு.

தங்கை: போதும்க்கா. நிறுத்து.

அக்கா: நீ ஒவ்வொரு வாரமும் "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா"ன்னு என்னை அனுப்புவியே… நான் எங்கயும் போக மாட்டேன். தெருமுனை பஸ் ஸ்டாப்புல உக்காந்திருப்பேன். வீட்டுல இருந்தா நீங்க சிரிக்கறது கேக்கும்ல.

தங்கை: நிறுத்துன்னு சொல்றேன்ல!

அக்கா: நீ எதுக்குடி அழற?

அம்மா: பெரியம்மு… பெரியம்மு! வந்துட்டியாடி?

அக்கா: ஏய்… கேட்டியா? என் பேரு! என்னைக் கூப்பிடுதுடி! எத்தனை வருஷமாச்சு இந்தப் பேரைக் கேட்டு…

தங்கை: அக்கா, போகாத.

அக்கா: கையை விடு!

தங்கை: வேண்டாம்க்கா. என் குரலைக் கேட்டுத்தான் முழிச்சிருக்கு.

அக்கா: முழிக்கட்டுமே! பெரியம்முன்னா நான்தானே! நீ சின்னம்மு!

அம்மா: எங்கடி நிக்கற? வா, தலை வாரி விடறேன்.

தங்கை: …இதோ வந்துட்டேம்மா!

அக்கா: நீ… நீ எதுக்குப் பதில் சொல்ற?

தங்கை: ஒரு வருஷமா அந்தப் பேருக்கு நான்தான்க்கா பதில் சொல்றேன். உன் காதுல விழக் கூடாதுன்னுதான் உன்னை வெளிய அனுப்பறதே. அம்மாவுக்கு ஞாபகம் இருக்கறது நீதான். என் மூஞ்சில உன்னைத்தான் பாக்குது.

அக்கா: நானா? …இதைச் சொல்லியிருந்தா நான் எவ்வளவு… ஏன்டி மறைச்ச? சொல்லுடி. அப்ப சின்னம்மு எங்கன்னு கேக்கவே கேக்காதா?

தங்கை: ஒரு தடவை நானே கேட்டேன்க்கா, "உனக்கு இன்னொரு பொண்ணு உண்டாம்மா?"ன்னு. "எனக்கு நீ ஒருத்திதானேடி"ன்னு சொல்லிட்டு, சிக்கெடுத்துப் பின்னிவிட்டுச்சு. அதை உன்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக்கா சொல்லுவேன்?